எடுக்கப்படாத முடிவுகளின் சான்றுகள்: சீன மாதிரி நாணயங்களும் அயல்நாட்டு அச்சு வெட்டுநரும் (1867–1937)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சீன அரசுகளுக்காக உருவாக்கப்பட்டு, பொதுப் புழக்கத்திற்கு வராமல் நின்றுபோன மாதிரி நாணயங்கள் பல உள்ளன. அவற்றின் அச்சுகளில் கணிசமானவை இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த வல்லுநர்களால் வெட்டப்பட்டவை. அரியன என்பதால் ஏலச் சந்தையில் மதிப்புப் பெறும் இந்நாணயங்களை இக்கட்டுரை வரலாற்று ஆவணங்களாக அணுகுகிறது. அயல்நாட்டு வல்லுநருக்கும் சீன அரசுக்கும் இடையிலான உறவு நான்கு படிநிலைகளில் மாறியதையும், மாதிரிகள் கைவிடப்பட்டதற்குக் கைவினைக் குறைபாட்டைவிட எடை, எழுத்து, உருவம் ஆகியவை பற்றிய ஆட்சியுரிமைச் சிக்கல்களே பெரிதும் காரணமாக இருந்ததையும் இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாதிரி நாணயம், அக்கசாலை, நாணய அச்சு, லியாங், யுவான், சாங் சிதுங், ஜார்ஜி, வெள்ளிச் செலாவணி.

1. முன்னுரை

சீனாவின் நாணய மரபு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வார்ப்பு மரபாகவே இருந்து வந்தது. நடுவில் சதுரத் துளையுடைய செப்புக்காசுகள் உருக்கிய உலோகத்தை அச்சுக்குழியில் ஊற்றி வார்க்கப்பட்டன. தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் கிடைத்துள்ள சீனக் காசுகளும் இவ்வகையினவே. வெள்ளியோ நாணயமாக அடிக்கப்படாமல் கட்டிகளாக நிறுத்துக் கொடுக்கப்பட்டது. லியாங் என்னும் எடையே அதன் அளவுகோல். ஒரு லியாங் பத்துச் சியென்களாகவும், ஒரு சியென் பத்து ஃபென்களாகவும் பகுக்கப்பட்டது. அரசுக் கருவூலம் பின்பற்றிய குபிங் என்னும் அளவையின்படி ஒரு லியாங் ஏறத்தாழ 37.3 கிராம் ஆகும். வணிகர்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட லியாங் அளவைகளையும் பயன்படுத்தினர்.

இந்நிலையில் ஸ்பானிய வெள்ளி நாணயமும், பின்னர் மெக்சிகோ வெள்ளி நாணயமும் தென்சீனத் துறைமுகங்களில் பெருமளவில் புழங்கின. எடையும் தூய்மையும் ஒரே சீராக இருந்ததால் அவற்றை நிறுக்காமல் எண்ணியே கொடுக்கலாம் என்பது அவற்றின் வலிமை. 1895 முதல் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளில் அடிக்கப்பட்ட பிரித்தானிய வணிக டாலரும் இவ்வரிசையில் சேர்ந்தது. தன் எல்லைக்குள் அயல்நாட்டு வெள்ளி நாணயம் ஆட்சி செலுத்துவதை விரும்பாத சிங் அரசின் உயர் அலுவலர்கள், பொறியால் அடிக்கப்படும் சொந்த வெள்ளி நாணயத்தை உருவாக்க முற்பட்டனர். வார்ப்பு மரபில் ஊறிய நாட்டில் அதற்கான பொறியும் அச்சும் வெளியிலிருந்தே பெரிதும் வரவேண்டியிருந்தன.

இம்முயற்சிகளின் எச்சங்களே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். புழக்கத்திற்கு வந்த நாணயம் ஓர் அரசு எடுத்த முடிவைக் காட்டுகிறது. மாதிரியாகவே நின்றுபோன நாணயம், அவ்வரசு எடுக்க நினைத்தும் எடுக்காத முடிவைக் காட்டுகிறது. அரசாணைகளின் இறுதி வடிவத்தில் மறைந்துவிடும் மாற்று வழிகள் உலோகத்தில் நிலைபெற்றிருப்பதே இச்சான்றுகளின் தனிச்சிறப்பாகும்.

2. மாதிரி நாணயம்: வரையறையும் உருவாக்க முறையும்

ஒரு நாணயத்தின் வடிவத்தையும் எடையையும் ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்வதற்காகச் சிறு எண்ணிக்கையில் அடித்துப் பார்க்கப்படுவது மாதிரி நாணயம். இது மூன்று நிலைகளில் தோன்றலாம். முதலாவது, அரசு கேட்டதன் பேரில் உருவாவது. இரண்டாவது, பொறி விற்கும் நிறுவனம் தன் திறனைக் காட்ட அனுப்புவது. மூன்றாவது, அக்கசாலைக்குள்ளேயே வடிவச் சோதனைக்காக அடிக்கப்படுவது. வெள்ளி நாணயத்திற்கான மாதிரி செம்பிலோ பித்தளையிலோ பொன்னிலோ அமைவதும் உண்டு. அத்தகையவற்றை உலோக மாற்றுச் சோதனை அடிப்புகள் எனலாம்.

நாணய அச்சு உருவாகும் முறையை அறிந்தால்தான் அச்சு வெட்டுநரின் பங்கு விளங்கும். ஏற்கப்பட்ட வரைபடத்தைக் கொண்டு, எஃகுத் துண்டில் நேரடியாக வெட்டியோ, பெரிய அளவிலான புடைப்பு மாதிரியைப் பொறியால் சுருக்கியோ மூல அச்சு ஆக்கப்படுகிறது. மூல அச்சைக் கடினப்படுத்தி, மென்மையான எஃகில் அழுத்தி, அடிப்பதற்கான பணி அச்சுகள் பெறப்படுகின்றன. பணி அச்சுகளையும் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்க வேண்டும். இக்கட்டத்தில் எஃகு வெடித்தால் முந்தைய உழைப்பு வீணாகும். பணி அச்சுகள் தேய்ந்தால் மூல அச்சைக் கொண்டு மீண்டும் புதியன ஆக்கிக்கொள்ளலாம். எனவே, மூல அச்சு எவரிடம் உள்ளதோ அவரிடமே நாணயத்தைப் பெருக்கும் ஆற்றலும் உள்ளது.

ஐரோப்பிய அச்சு வெட்டுநருக்குச் சீன நாணயம் தனியான சிக்கல் ஒன்றைத் தந்தது. உரோமன் எழுத்துகளுக்கு ஆயத்தமான எழுத்துத் துளைப்பிகள் அவரிடம் இருந்தன. சீன எழுத்துகளையும் மஞ்சு எழுத்துகளையும் அவர் படித்தறியாமல் வடிவங்களாகவே பார்த்து வெட்ட வேண்டியிருந்தது. எழுத்தின் கோட்டு அமைப்பு, பறவைநாகத்தின் செதில், மேகச்சுருள் ஆகியவற்றில் காணப்படும் நுண் வேறுபாடுகள் இன்று ஓர் அச்சை மற்றோர் அச்சிலிருந்து பிரித்தறிய உதவும் அகச்சான்றுகளாகின்றன.

3. முதல் படிநிலை: அக்கசாலையோடு வாங்கப்பட்ட அச்சு

சீனச் சந்தையைக் கருதி அயலார் உருவாக்கிய மாதிரிகளில் காலத்தால் முற்பட்டவற்றுள் 1867ஆம் ஆண்டிட்ட ஷாங்காய் ஒரு லியாங் நாணயம் குறிப்பிடத்தக்கது. இது ஹாங்காங்கில் பிரித்தானிய அரசு நிறுவிய அக்கசாலையில் அடிக்கப்பட்டது. 1866இல் தொடங்கிய அவ்வக்கசாலை இழப்பின் காரணமாக 1868இலேயே மூடப்பட்டு, அதன் பொறிகள் ஜப்பானுக்கு விற்கப்பட்டன. அவை ஒசாக்கா அக்கசாலையில் நிறுவப்பட்டன. ஹாங்காங் அக்கசாலையின் தலைவராக இருந்த தாமஸ் கிண்டரே ஒசாக்காவிலும் பொறுப்பேற்றார். இத்தொடர்பு, பிற்காலச் சீன மாதிரிகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

சீன அரசு அலுவலர் ஒருவர் தொடங்கிய முதல் பெருமுயற்சி குவாங்தொங் மாநிலத்தில் நிகழ்ந்தது. இரு குவாங் மாநிலங்களின் ஆளுநராக இருந்த சாங் சிதுங், 1887இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள ஹீட்டன் நிறுவனத்திடம் முழு அக்கசாலை ஒன்றையே வாங்க ஒப்பந்தம் செய்தார். 90 அடிப்புப் பொறிகளுடன் 1889இல் இயங்கத் தொடங்கிய காண்டன் அக்கசாலை, அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கியது. அதன் வெள்ளி நாணயங்களுக்கான அச்சுகளை வெட்டியவர் ஆலன் வயன். பிரித்தானிய அரச அக்கசாலைக்குத் தலைமுறைகளாக அச்சு வெட்டிய வயன் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

குவாங்தொங் நாணயத்தின் தொடக்க வடிவங்கள் இரண்டு சிக்கல்களை வெளிப்படுத்துகின்றன. ஒன்று எடை, மற்றொன்று எழுத்தின் இடம்.

சாங் சிதுங்கின் முதல் வடிவம் 7 சியென் 3 ஃபென் எடையுடையது. மெட்ரிக் அளவில் இது ஏறத்தாழ 27.2 கிராம். மெக்சிகோ நாணயத்தின் எடையோ 27.07 கிராம். அயல் நாணயத்தைவிடச் சற்றே கூடுதலான வெள்ளியைக் கொடுத்தால் மக்கள் புதிய நாணயத்தை விரும்பி ஏற்பர் என்பது அவர் கணிப்பு. ஆனால் சந்தையில் இரண்டும் ஒரே மதிப்பில் எண்ணிக் கொடுக்கப்பட்டால், எடை மிகுந்த நாணயத்தை மக்கள் பதுக்குவர் அல்லது உருக்குவர். எடை குறைந்த நாணயமே புழக்கத்தில் எஞ்சும். வணிகரும் வங்கியாளரும் ஒத்த எடையையே வேண்டினர். இதன் விளைவாக எடை 7 சியென் 2 ஃபென் எனக் குறைக்கப்பட்டது. வெல்ல நினைத்த அயல் நாணயத்தின் அளவுக்கே சீன நாணயம் இறங்கிவர வேண்டியதாயிற்று.

எழுத்தின் இடம் பற்றிய சிக்கல் இதனினும் நுட்பமானது. முதல் வடிவங்களில் ‘குவாங்சு யுவான்பாவோ’ என்னும் பேரரசரின் ஆட்சிப்பெயர்த் தொடர் முகப்பின் நடுவில் இருந்தது. அதனைச் சுற்றி ஆங்கிலத்தில் மாநிலப் பெயரும் எடையும் பொறிக்கப்பட்டிருந்தன. சீனத்தில் எழுதப்பட்ட மாநிலப் பெயரும் எடையும் பின்புறத்தில் பறவைநாகத்தைச் சூழ்ந்திருந்தன. பேரரசரின் பெயரை அயல்மொழி வளைத்து நிற்பது பொருந்தாது எனக் கருதப்பட்டதால், 1890இல் வெளியான நிலையான வடிவத்தில் ஆங்கிலம் பறவைநாகப் பக்கத்திற்கு மாற்றப்பட்டது. சீன எழுத்துகள் அனைத்தும் முகப்பிற்கு வந்தன. முந்தைய அமைப்பைச் சீன நாணயவியலார் ‘தலைகீழ் வடிவம்’ என வழங்குவர். 7 சியென் 2 ஃபென் எடையில் அமைந்த தலைகீழ் வடிவம் மிக அரிதாகவே கிடைக்கிறது.

அவ்வாங்கிலப் பொறிப்பில் சியென் ‘மேஸ்’ எனவும், ஃபென் ‘காண்டரீன்’ எனவும் குறிக்கப்பட்டன. இவை சீனச் சொற்களும் அல்ல. பிறப்பால் ஆங்கிலச் சொற்களும் அல்ல. மேஸ் என்பது வடமொழி ‘மாஷ’ என்பதன் வழிவந்த ‘மாஸ்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து தோன்றியது. காண்டரீன் என்பது பொன் நிறுக்கப் பயன்பட்ட குன்றிமணியைச் சுட்டும் ‘கெண்டெரி’ என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. தென்கிழக்காசியத் துறைமுக வணிக மொழியே சீனப் பேரரசரின் நாணயத்தில் ஏறியது. அப்பொறிப்பு எவரைப் படிப்பவராகக் கருதி வெட்டப்பட்டது என்பதற்கு இச்சொற்களே சான்று.

குவாங்தொங்கின் வெற்றி பிற மாநிலங்களையும் தூண்டியது. 1897–98 காலத்தில் சிச்சுவான் மாநிலத்தின் செங்டு நகர அக்கசாலைக்கான பொறிகளை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிரிட்ஜ்டன் நகரிலிருந்த ஃபெராகியூட் நிறுவனம் வழங்கியது. அதன் பொறியாளர் ஹென்றி ஜான்வியர் நேரில் சீனாவிற்குச் சென்று அவற்றை நிறுவினார். பொறிகளைச் சோதிக்க அமெரிக்காவிலேயே அடித்துப் பார்க்கப்பட்டவை, பின்னர் செங்டுவில் அடிக்கப்பட்ட வழக்கமான நாணயங்களிலிருந்து வேறுபடுகின்றன. ஷான்சி மாநிலத்திற்காக 1898இல் ஹீட்டன் நிறுவனம் ஐந்து மதிப்புகளில் மாதிரிகளை உருவாக்கியது. அவை எவையும் அம்மாநிலத்தில் புழக்கத்திற்கு வரவில்லை. பர்மிங்காமில் எஞ்சிய சில நாணயங்களே அத்திட்டத்தின் சான்றாக நிலைத்துள்ளன.

அயல் அச்சின்றி நாணயமே இல்லை எனக் கருதுவதும் பிழையாகும். 1884இல் ஜிலின் மாநில இயந்திரச் சாலை தன் சொந்த முயற்சியில் லியாங் எடை வரிசையில் வெள்ளி நாணயங்களை அடித்தது. அவையும் பரவலான புழக்கத்தை அடையவில்லை. அடிக்கும் திறன் மட்டும் நாணயத்தை நிலைநிறுத்தாது என்பதை இவ்வெதிர்ச்சான்று உணர்த்துகிறது.

4. இரண்டாம் படிநிலை: லியாங்–யுவான் விவாதமும் ஒசாக்கா அச்சுகளும்

மாநிலங்கள் தனித்தனியே நாணயம் அடித்ததால் எடையும் தூய்மையும் வேறுபட்டன. ஒரு மாநில நாணயம் மற்றொன்றில் தள்ளுபடியில் ஏற்கப்பட்டது. இதனைச் சீர்செய்ய நடுவண் அரசு முற்பட்டபோது அடிப்படை வினா ஒன்று எழுந்தது. நாட்டின் நாணய அலகு மரபான ஒரு லியாங் எடையில் இருக்க வேண்டுமா, அல்லது துறைமுகங்களில் வழக்கூன்றிய 7 சியென் 2 ஃபென் எடையில் இருக்க வேண்டுமா என்பதே அது. முன்னதை ஆதரித்தோர் கருவூலக் கணக்கும் வரியும் லியாங்கிலேயே உள்ளன என்றனர். அயல் டாலரின் அளவைச் சீன அலகாக ஏற்பது இழிவு என்றும் கருதினர். பின்னதை ஆதரித்தோர் மக்களின் கைப்பழக்கத்தை எடுத்துக்காட்டினர்.

குவாங்சு ஆட்சியின் 29ஆம் ஆண்டான 1903இல் வருவாய் அமைச்சகத்தின் பெயர் தாங்கிய மாதிரி வரிசை இவ்விவாதத்தின் முதன்மைச் சான்றாகும். ஒரு லியாங், 5 சியென், 2 சியென், 1 சியென், 5 ஃபென் என ஐந்து மதிப்புகளில் அது அமைந்தது. அதன் அச்சுகள் ஒசாக்கா அக்கசாலையில் உருவானவை. ஹாங்காங்கில் தோல்வியுற்ற பிரித்தானியப் பொறிகளைக் கொண்டு தொடங்கிய ஜப்பானிய அக்கசாலை, ஒரு தலைமுறைக்குள் சீனாவின் நடுவண் நாணயத்திற்கே அச்சு வெட்டும் நிலையை அடைந்திருந்தது. 1894–95 போரில் ஜப்பானிடம் தோற்ற எட்டாண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது.

1904இல் ஹூபெய் மாநிலத்தில் ஒரு லியாங் நாணயம் அடிக்கப்பட்டு, சிறிது காலமே புழங்கிப் பின் திரும்பப் பெறப்பட்டது. அதை வெளியிட்டவரும் சாங் சிதுங்கே. 1889இல் மெக்சிகோ நாணயத்தை எடையால் வெல்ல முயன்ற அவர், இப்போது டாலரின் அளவையே கைவிட்டுச் சீன அளவைக்குத் திரும்ப முயன்றார். இரு முயற்சிகளையும் சந்தை ஏற்கவில்லை. 1905இல் லியாங் அடிப்படையை ஏற்ற அரசு, நீண்ட விவாதத்திற்குப் பின் 1910ஆம் ஆண்டு நாணய ஒழுங்குமுறையில் 7 சியென் 2 ஃபென் எடையும் 90 விழுக்காட்டுத் தூய்மையும் கொண்ட யுவானை நாட்டின் அலகாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தியான்ஜின் அக்கசாலையில் வெள்ளியிலும் பொன்னிலும் அடிக்கப்பட்ட லியாங் மாதிரிகள், முடிவு எந்தப் பக்கமும் சாயலாம் என்றிருந்த காலத்தின் பதிவுகளாகும்.

5. மூன்றாம் படிநிலை: ஊதியம் பெற்ற வல்லுநரும் கையொப்பமும்

அச்சை வெளிநாட்டில் வாங்குவதற்கு மாற்றாக, அச்சு வெட்டுநரையே பணியில் அமர்த்தும் முறை தியான்ஜினில் தோன்றியது. இத்தாலியரான லுய்ஜி ஜார்ஜி 1910களில் அங்குத் தலைமை அச்சு வெட்டுநராகப் பணியாற்றினார். சீனப் பணியாளர்கள் அவரிடம் இக்கலையைப் பயின்றனர்.

சுவான்தொங் ஆட்சியின் 3ஆம் ஆண்டான 1911க்குரிய யுவான் நாணயத்திற்குப் பல வடிவங்கள் உருவாக்கப்பட்டன. பறவைநாகத்தின் மீசை அமைப்பைக் கொண்டு அவற்றை நெடுமீசை வடிவம், குறுமீசை வடிவம் எனச் சேகரிப்பாளர் பிரித்தறிகின்றனர். ஒரு வடிவம் மட்டுமே பெருமளவில் அடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெடித்த புரட்சியால் பேரரசே வீழ்ந்தது. பிற வடிவங்கள் மாதிரிகளாக நின்றன.

குடியரசு நிறுவப்பட்ட பின், 1914ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி யுவான் ஷிகாயின் உருவம் பொறித்த நாணயம் வெளியாயிற்று. சீனாவில் மிகப் பரவலாக ஏற்கப்பட்ட வெள்ளி நாணயம் இதுவே. பல மாநிலங்களின் மாறுபட்ட நாணயங்களுக்கிடையே நம்பிக்கைக்குரிய ஒரே அளவாக இது நிலைபெற்றது. இதன் மாதிரிகளில் உருவத்தின் அருகே ‘எல். ஜார்ஜி’ என்னும் கையொப்பம் உரோமன் எழுத்தில் காணப்படுகிறது. புழக்கத்திற்கு வந்த நாணயத்தில் அது இல்லை.

இவ்வேறுபாட்டை வெறும் வகைப்பாட்டுக் குறிப்பாகக் கடந்துசெல்ல இயலாது. ஐரோப்பிய மரபில் நாணயத்திலும் பதக்கத்திலும் அச்சு வெட்டுநர் தம் பெயரைப் பொறிப்பது கலைஞரின் உரிமை. சீன மரபில் நாணயத்தில் இடம்பெறத்தக்க பெயர் ஆட்சியாளருடையதே. கையொப்பமிட்ட மாதிரி ஒரு கலைஞர் முன்வைத்த படைப்பாக நிற்கிறது. கையொப்பம் நீக்கப்பட்ட நாணயம் ஓர் அரசின் வெளியீடாக நிற்கிறது. ஒன்று மற்றொன்றாக மாறும் கணத்தில் அயல்நாட்டவரின் பெயர் மறைகிறது. குவாங்தொங்கில் பேரரசரின் பெயரைச் சுற்றி நின்ற ஆங்கிலம் இடம் மாறியதற்கும் இதற்கும் அடிப்படையில் ஒற்றுமை உண்டு.

யுவான் ஷிகாய் தம்மைப் பேரரசராக அறிவித்து ‘ஹொங்சியென்’ என்னும் ஆட்சிப்பெயரை 1916 தொடக்கத்தில் ஏற்றபோது, இறகு சூடிய தொப்பியணிந்த உருவமும் பறக்கும் நாகமும் கொண்ட நாணயம் உருவாக்கப்பட்டது. மார்ச் மாதத்திலேயே அம்முடியாட்சி கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் அவர் இறந்தார். மூன்று மாதமே நீடித்த ஆட்சிப்பெயரை அந்நாணயம் இன்றும் தாங்கி நிற்கிறது.

அயலாரின் வடிவங்கள் மட்டுமே மாதிரிகளாக நின்றன எனக் கொள்வதற்கும் இடமில்லை. எழுத்தாளர் லூ சுன், சியென் தாவோசுன், சூ ஷோஷாங் ஆகிய மூவர் 1912இல் பழஞ்சீனப் பன்னிரு அணிச்சின்னங்களைக் கொண்டு தேசியச் சின்னம் ஒன்றை வடிவமைத்தனர். நாகமும் பீனிக்ஸ் பறவையும் அமைந்த அச்சின்னம் 1923ஆம் ஆண்டிட்ட யுவான் நாணயத்தில் இடம்பெற்றது. முழுமையும் சீனச் சிந்தனையில் பிறந்த அவ்வடிவமும் பொது நாணயமாக நிலைபெறவில்லை.

6. நான்காம் படிநிலை: ஐந்து நாடுகளின் போட்டி

1928இல் நாட்டின் பெரும்பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த தேசியவாத அரசு, யுவான் ஷிகாயின் உருவத்தை அகற்றிச் சுன் யாட்-சென்னின் உருவத்தை நாணயத்தில் பொறிக்க விரும்பியது. குடியரசின் 18ஆம் ஆண்டான 1929க்குரிய மாதிரிகள் இங்கிலாந்து, அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரியா, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளின் அக்கசாலைகளிலிருந்து பெறப்பட்டன. ஒருபுறம் சுன் யாட்-சென்னின் பக்கத்தோற்றம். மறுபுறம் மூன்று பாய்மரங்களையுடைய சீன மரக்கலம். கருப்பொருள் ஒன்றாயினும், முகத்தின் சாயல், பாய்களின் மடிப்பு, அலைகளின் வரைவு ஆகியவற்றில் ஒவ்வொரு நாட்டின் பணிமரபும் வெளிப்படுகிறது. உரோம் அக்கசாலையின் மாதிரியில் அத்திலியோ மோத்தியின் கையொப்பம் உள்ளது. வியன்னா மாதிரி அந்நகர அக்கசாலையின் ரிச்சர்ட் பிளாக்ட் வெட்டிய அச்சில் அமைந்தது.

இவ்வைந்தும் ஒப்பீட்டாய்வுக்கு மிகச் சிறந்த தொகுதியாகும். ஒரே காலத்தில், ஒரே கருப்பொருளில், ஐந்து பணிமனைகள் தந்த விடைகள் பிற நாணயவியல் தொகுதிகளில் எளிதில் கிடைப்பதில்லை. முந்தைய படிநிலைகளிலிருந்து ஓர் அடிப்படை வேறுபாடும் இதில் உண்டு. 1887இல் சாங் சிதுங் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்தார். 1929இல் அரசு பல நாடுகளின் பணியைத் தன்முன் வைத்து ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் இடத்தில் இருந்தது. இறுதியில் இவற்றுள் எதுவும் அப்படியே ஏற்கப்படவில்லை. மரக்கலக் கருப்பொருள் மட்டும் நிலைத்தது.

பிலடெல்பியா அக்கசாலையில் உருவான அச்சுகளைக் கொண்டு, 1932ஆம் ஆண்டிட்ட நாணயம் ஷாங்காய் நடுவண் அக்கசாலையில் அடிக்கப்பட்டது. அவ்வக்கசாலையை அமைப்பதில் பிலடெல்பியாவின் பொறியாளர் கிளிஃபர்ட் ஹெவிட் வழிகாட்டினார். அந்நாணயத்தில் மரக்கலத்தின் மேலே மூன்று பறவைகளும் அருகே எழுகதிரும் இருந்தன. 1932 ஜனவரி இறுதியில் ஜப்பானிய வானூர்திகள் ஷாங்காய் மீது குண்டு வீசியிருந்தன. அந்நினைவு மாறாத மக்கள், பறவைகளை வானூர்திகளாகவும் எழுகதிரை ஜப்பானின் சின்னமாகவும் படித்தனர். நாணயம் திரும்பப் பெறப்பட்டு, 1933ஆம் ஆண்டிட்ட வடிவத்தில் பறவைகளும் கதிரவனும் நீக்கப்பட்டன. அச்சு வெட்டுநர் அலங்காரமாகக் கருதிய ஒன்று, பயன்படுத்துவோர் கண்ணில் பகைவரின் குறியாயிற்று. 1933 மார்ச் மாதச் சட்டம் இந்த யுவானின் எடையை 26.6971 கிராம் எனவும், தூய்மையை 88 விழுக்காடு எனவும் வரையறுத்தது. அடுத்த மாதம் லியாங் கணக்கு முறை ஒழிக்கப்பட்டது.

இவ்வெற்றியும் நீடிக்கவில்லை. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு வெள்ளிக் கொள்முதல் சட்டம் உலகச் சந்தையில் வெள்ளி விலையை உயர்த்தியது. சீனாவிலிருந்து வெள்ளி வெளியேறியது. 1935 நவம்பரில் சீனா வெள்ளி அடிப்படையைக் கைவிட்டுத் தாள் செலாவணிக்கு மாறியது. சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் சீனாவுக்காக 1936, 1937 ஆண்டுகள் பொறித்து அடிக்கப்பட்ட வெள்ளி நாணயங்களில் மண்வெட்டி வடிவப் பழங்காசின் உருவம் இடம்பெற்றது. அவை வெளியிடப்படவேயில்லை. வெள்ளிச் செலாவணியே முடிந்துவிட்ட காலத்தில், சீனாவின் மிகப் பழைய நாணய வடிவம் அயல்நாட்டு அச்சில் ஒருமுறை தோன்றி மறைந்தது.

7. அடையாளம் காண்பதில் கவனிக்க வேண்டியவை

மாதிரி நாணயங்களைச் சான்றாகக் கொள்வதில் மூன்று எச்சரிக்கைகள் இன்றியமையாதவை.

முதலாவது, நாணயத்தில் உள்ள ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. குடியரசின் 23ஆம் ஆண்டு, அதாவது 1934 பொறிக்கப்பட்ட மரக்கல நாணயங்கள், உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டமான 1949இல் அமெரிக்க அக்கசாலைகளில் மூன்று கோடி எண்ணிக்கையில் அடிக்கப்பட்டன. மூல அச்சு எஞ்சியிருக்கும்வரை மீள் அடிப்பும் இயலும் என்பதை மாதிரிகளை ஆய்வோர் மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எக்காலத்தும் எந்த அரசும் கருதியிராத கற்பனை நாணயங்கள் சேகரிப்பாளர்களுக்காகவே உருவாக்கப்பட்டன. ஷாங்காயில் நெடுங்காலம் வாழ்ந்த எட்வர்ட் கான் 1954இல் வெளியிட்ட விளக்கப் பட்டியல் இத்தகையவற்றைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. 1949இல் வெளியான ஷி ஜியாகானின் நூலையும் அதனையும் ஒப்பிட்டுப் பயன்படுத்துவது பயனளிக்கும்.

மூன்றாவது, அச்சு வெட்டுநரைப் பற்றிய கூற்றுகளின் வலிமை ஒரே தன்மையதன்று. கையொப்பம் நேர்ச்சான்று, அக்கசாலையிலோ நிறுவனத்திலோ எஞ்சிய மாதிரியும் ஒப்பந்த ஆவணமும் அதற்கடுத்த வலிமை உடையன, எழுத்து அமைப்பையும் வரைவு நடையையும் கொண்டு செய்யும் ஊகம் துணைச்சான்று மட்டுமே. ஏலப் பட்டியல்களில் இம்மூன்றும் ஒரே உறுதிப்பாட்டுடன் எழுதப்படும் இடங்களில் ஆய்வாளர் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். அரிய நாணயம் என்னும் புகழ் விலையை உயர்த்துவது போலவே, உறுதிப்படாத பெயர்ச்சுட்டுகளையும் உறுதிப்பட்டவையாக மாற்றிவிடுகிறது.

8. முடிவுரை

1867 முதல் 1937 வரையிலான சீன மாதிரி நாணயங்களைத் தொகுத்து நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அயல்நாட்டு அச்சு வெட்டுநருடனான உறவு, முழு அக்கசாலையை வாங்குதல், அண்டை நாட்டிடம் அச்சு பெறுதல், வல்லுநரை ஊதியத்திற்கு அமர்த்துதல், பல நாடுகளின் மாதிரிகளை ஒப்பிட்டுத் தெரிதல் என நான்கு படிநிலைகளாக மாறிவந்தது. இம்மாற்றத்தில் தெரிவு செய்யும் உரிமை மெல்ல மெல்லச் சீன அரசின் கைக்கு வந்தது. ஆயினும் 1949 வரை மூல அச்சையும் அடிப்புத் திறனையும் அயல்நாட்டிலிருந்து பெறும் நிலை முற்றிலும் நீங்கவில்லை.

மாதிரிகள் கைவிடப்பட்ட காரணங்களில் அச்சு வெட்டுநரின் கைத்திறக் குறை முதன்மை பெறவில்லை. மெக்சிகோ நாணயத்தைவிட எடை மிகுந்திருந்தது, பேரரசரின் பெயரைச் சுற்றி ஆங்கிலம் நின்றது, லியாங்கும் யுவானும் போட்டியிட்டன, ஆட்சிப்பெயர் மூன்று மாதத்தில் முடிந்தது, பறவை வானூர்தியாகத் தோன்றியது ஆகியவையே நாணயங்களின் முடிவைத் தீர்மானித்தன. சீனர் உருவாக்கிய ஜிலின் நாணயமும் 1923ஆம் ஆண்டு நாணயமும் இதே வகையில் நின்றுபோனமை இம்முடிவை வலுப்படுத்துகிறது.

எனவே, இந்நாணயங்களை அயல்நாட்டுக் கலைத்திறனின் நினைவுச்சின்னங்களாகவோ விலையுயர்ந்த அரும்பொருள்களாகவோ மட்டும் காண்பது போதாது. ஒரு நாடு தன் பெயரை எம்மொழியில், எவ்வெடையில், எவர் முகத்தோடு பொறிப்பது என எழுபது ஆண்டுகள் நடத்திய விவாதத்தின் எழுதப்படாத பக்கங்கள் அவற்றில் உள்ளன. புழங்கிய நாணயங்களோடு புழங்காத நாணயங்களையும் இணைத்து வாசிக்கும்போதே நாணயவியல் ஓர் அரசின் வரலாற்றை முழுமையாகச் சொல்லும்.